நாற்பதைத் தாண்டிய பாட்டில்

“ஹலோ... யாரு?... யாரு பேசறது?... இல்ல, மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க, அப்புறம் நான் யாருன்னு சொல்றேன்.”

டயர்கடைக்காரரின் இரண்டு கைகளும் ஒரு வேன் சக்கரத்துக்குள் இருந்தன. போன் இடது தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கப்பட்டிருந்தது. தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை அவர் எடுப்பதே அபூர்வம். எடுத்துவிட்டால், எதிராளி தன் ஏழு தலைமுறையையும் ஒப்பித்தாக வேண்டும். மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு நம்புகிற மனிதர். கட்டிய மனைவி வந்து கதவைத் தட்டினாலும் ‘யாரு?’ என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் தாழ்ப்பாளை நீக்குவார்.

“எந்தப் பள்ளிக்கூடம்?... சயின்ஸ் டீச்சரா?... சயின்ஸ் டீச்சர் கொரல் எனக்குத் தெரியுமே, இப்படி இருக்காதே... ஜலதோஷமா?... அப்ப ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. எம் பொண்ணு எத்தனாவது படிக்கிறா?... எட்டாவதுல எந்த செக்‌ஷன்?... எந்த பெஞ்சு?... ம். சரிதான். கோச்சுக்காதீங்க டீச்சர். போன வாரம் ஒருத்தி கூப்பிட்டு, உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்குன்னா. டயர் என்ன சைஸுன்னு கேட்டேன். வச்சிட்டா.”

கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்த வேன்காரர் சிரித்தார். சக்கரம் அவருடையது. பஞ்சர் ஒட்டி முடிகிற வரை அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது, கடையில் வேறு பொழுதுபோக்கும் கிடையாது.

“சொல்லுங்க டீச்சர்... ஆமா, எம் பொண்ணுதான்... ஆமா, இங்கதான் இருக்கா, கடை பின்னாடி... பன்னண்டு மணிக்கே வந்துட்டா. அரை நாள் லீவுன்னு சொன்னா... லீவு இல்லையா?... ஆங். நானும் அதான பாத்தேன். ரோட்ல யூனிஃபார்ம் போட்ட வேற ஒரு புள்ளையையும் காணோமே.”

அந்த உறுத்தல் அவருக்கு மத்தியானத்திலிருந்தே இருந்தது. மகள் பையைப் பின்பக்கம் போட்டாள், பழைய டயர் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்தாள், சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பசிக்கவில்லை என்றாள். பசிக்கவில்லை என்று அவள் சொல்கிற நாள் சாதாரண நாள் அல்ல.

“என்ன விஷயம் டீச்சர்?... ராக்கெட்டா?... ஆமா, ஆமா, பாட்டில் ராக்கெட்டு. தெரியாம என்ன. ஒரு வாரமா எங்க வீட்ல வேற பேச்சே இல்ல. பாட்டில்ல மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்ச எடத்துல காத்து. தலைகீழா நிக்க வச்சு கயித்த இழுத்தா, தண்ணி கீழ பீச்சும், பாட்டில் மேல போகும்... ஆமா... ஆமா டீச்சர், வீட்ல தண்ணி குடிக்க ஒரு பாட்டில் மிச்சமில்ல. எல்லாத்துக்கும் அட்டையில றெக்க வெட்டி ஒட்டி வச்சிருக்கா. ராத்திரி தாகம் எடுத்தா ஏரோப்ளேன்தான் கையில வருது... சரி, இன்னைக்குத்தான போட்டி?... பறந்துச்சா?... எவ்ளோ ஒசரம்?... எங்க, மூணு மாடிக்கு மேலயா?... அந்தப் பக்கமாப் போயி விழுந்துச்சா! யார் மேலயும் படலயே?”

வேன்காரரைப் பார்த்து அவர் ஒரு புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவத்தில் ஒரு தகப்பனின் பெருமை முழுக்க இருந்தது. சக்கரத்துக்குள் கைகள் ஒரு கணம் வேலையை மறந்தன.

“மத்ததெல்லாம்?... ரெண்டாவது மாடி ஜன்னலோட சரியா?... அப்ப இவதான ஃபர்ஸ்ட்டு? ஸ்கூல் டீம்ல இவதான போறா?... என்னது?... கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, லாரி போகுது... யாரு ஏமாத்தினது?... எம் பொண்ணா?”

புருவம் இறங்கிவிட்டது.

“இருங்க. இருங்க டீச்சர். ஒண்ணொண்ணா சொல்லுங்க... நாப்பதுதான் அளவு. சரி. நாப்பதுக்கு மேல யாரும் காத்து அடிக்கக் கூடாது. ஆமா, பிளாஸ்டிக் பாட்டில், வெடிக்கும். நியாயம்தான்... எல்லாரும் ஒரே பம்புலதான் அடிச்சாங்க, ஸ்கூல் பம்பு. சரி... இவ அம்பது அடிச்சாளா?... யார் சொன்னது?... நீங்களே பாத்தீங்களா? பக்கத்துல நின்னு? கேஜுல முள்ளு அம்பதுலயா நின்னுச்சு? நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு அப்படி ஏதாச்சும்... கரெக்டா அம்பது. ம்.”

டயர்கடைக்காரருக்கு அறிவியல் தெரியாது. ஆனால் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் வட்டமான கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னால், அதற்கு மேல் வாதாட அவருக்கு வாய் வராது. அவர் பிழைப்பே அந்த முள்ளின் மேல்தான் நடக்கிறது.

“இப்ப அதுக்கு என்ன பண்ணணும்ங்கறீங்க?... பேர எடுத்தாச்சா... மூணரைக்குள்ள லிஸ்ட் போகணுமா?... எங்க?... எல்லா ஸ்கூலும் சேந்து நடத்தற போட்டிக்கு. சரி... இவ பேருக்கு எதிர்ல ‘விதிமீறல்’னு எழுதினா?... அடுத்த வருஷமும் சேக்க மாட்டாங்களா?... ஏன் டீச்சர், இவ்ளோ பெரிய வார்த்தைய ஏன் எழுதறீங்க? எட்டாவது படிக்கிற புள்ள... ம்... ம்... கையெழுத்தா? நான் என்னத்துக்குக் கையெழுத்து போடணும்?... ‘என் மகள் தெரிந்தே விதியை மீறினாள், இனி இப்படி நடக்காது’... நீங்களே எழுதி வச்சிட்டீங்களா?... நான் போட்டா ‘விதிமீறல்’னு எழுதாம, வெறுமனே பேர எடுத்ததோட விட்டுடுவீங்க. போடலன்னா எழுதிடுவீங்க. அதான?”

எழுதித் தயாராக இருக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போடுவது அவருக்கு வேப்பங்காய். வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர், மச்சான் என்று மூன்று பேரிடம் தனித்தனியாகப் படிக்கச் சொல்லி, மூவரும் ஒரே மாதிரி படிக்கிறார்களா என்று பார்த்தவர் அவர். ஆனால் இப்போது அவருடைய சந்தேகம் காகிதத்தின் மேல் நிற்கவில்லை. அது மெல்லத் திரும்பிக் கடையின் பின்பக்கம் போய்விட்டது.

“டீச்சர்... உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன. எனக்கே ரெண்டு நாளா மனசுல ஒண்ணு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. டிராயர்ல நாலு புது வால்வு வச்சிருந்தேன். முந்தாநாள் பாத்தா மூணுதான் இருக்கு... ஆமா, பாட்டில் வாய அடைக்கற கார்க்குல சொருகியிருக்காளே, அதேதான். கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?... நேத்து சாயங்காலம் ஒரு சக்கரத்தக் குடுத்துட்டு வர வெளியில போயிருந்தேன். திரும்பி வந்தா கடை பின்னாடி ஒரே ஈரம். கம்ப்ரஸர தொட்டுப் பாத்தா சூடு. நான் இல்லாதப்ப அத யாரு ஓட்டியிருப்பா?... அதான். இங்க அடிச்சுப் பழகிட்டு அங்க வந்திருக்கா... இல்ல டீச்சர், நான் அவளுக்காகப் பேச மாட்டேன். தப்புன்னா தப்புதான். செஞ்சிருப்பா. அவ செய்யக்கூடியவதான். செஞ்சிருப்பா.”

கடைக்கு நீளம் பத்தே அடி. முன்னால் சொல்கிற சொல் பின்னால் போய்ச் சேர நேரம் பிடிக்காது. இத்தனை நேரம் பின்பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்துகொண்டிருந்தது. மகள் ஒரு வால்வு மூடியைத் தகரத்தின் மேல் உருட்டி உருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றுபோனது. டயர்கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லை. வேன்காரர் கவனித்தார், பின்பக்கம் ஒரு தரம் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

“வர்றேன் டீச்சர். மூணு மணிக்குள்ள வந்துடறேன். போடறேன் கையெழுத்து... நீங்க சொல்றது சரி. அந்த பாட்டில் வெடிச்சிருந்தா மூஞ்சி என்ன ஆகியிருக்கும்? இந்தக் கடையில நான் பாக்காததா. ஒரு தரம் லாரி டயர் வெடிச்சு ரிம்மு கூரைத் தகரத்தப் பிச்சிக்கிட்டுப் போச்சு. அன்னைலேர்ந்து எனக்கு இடது காதுல எப்பவும் ஒரு விசில் சத்தம்... ஆமா... சரி, வச்சிடட்டுமா?... ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் டீச்சர்.”

வைத்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சந்தேகப் பேர்வழிக்கு ஒரு சௌகரியம் உண்டு: அவனால் எதையும் அரைகுறையாக நம்ப முடியாது, மகளின் குற்றத்தைக்கூட.

“நீங்க எங்க நின்னீங்க?... ஒரு கை தூரத்துல. கேஜு உங்களுக்கு நல்லாத் தெரியுது. அது அவளுக்கும் தெரியும்... அப்ப இது இடிக்குதே டீச்சர். திருடறவ ஒளிச்சுத்தான திருடுவா? ஒரு நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணுன்னு வச்சிட்டுக் கையால மறைச்சிருப்பா. நீங்க கண்ணு வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கறப்ப முழுசா பத்து கூட அடிக்க அவ என்ன மடச்சியா?... என்ன தந்திரம்?... கேஜுல ஏதோ வேல பண்ணாளா?... அத ஏன் டீச்சர் மொதல்லயே சொல்லல? என்ன வேல பண்ணா?... தட்டினாளா?”

அவர் கை சக்கரத்துக்குள் அப்படியே நின்றது.

“எதால தட்டினா?... விரலாலயா?... எத்தன தட்டு?... நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க... ரெண்டு... காத்து அடிக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?... முன்னாடி. பம்ப பாட்டில்ல மாட்டறதுக்கும் முன்னாடி... தட்டிட்டு?... குனிஞ்சு பாத்தாளா. ம்... பாத்துட்டு, ஒரு விரலக் கேஜு மேல வச்சு என்னமோ எண்ணினாளா... ம்... அதப் பாத்துத்தான் உங்களுக்கு சந்தேகம் வந்துச்சு. மீட்டர என்னவோ கெடுத்துட்டான்னு... ம்.”

டயர்கடைக்காரர் இரண்டு கைகளையும் வெளியே எடுத்தார். துடைக்காமல், கிரீஸ் கையாலேயே போனைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

இருபது வருஷமாக அந்தக் கடையில் ஒரு கேஜும் இரண்டு தட்டு வாங்காமல் டயருக்குப் போனது கிடையாது. கேஜ் பழசானால் முள் ஒட்டிக்கொள்ளும், தன் இடத்தைவிட்டு நகர்ந்தும் போகும். அதனால் முதலில் விரல் நுனியால் இரண்டு தட்டு. காற்றே இல்லாதபோது முள் எங்கே போய்ப் படுக்கிறது என்று பார்க்க வேண்டும். சைபரில் படுத்தால் கேஜ் யோக்கியம். மூன்றில் படுத்தால், எவ்வளவு காட்டினாலும் அதில் மூன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். இதை அவர் மகளுக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. பள்ளிவிட்டு வந்து கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறவள், ஒரு நாளைக்கு நாற்பது தரம் அப்பா தட்டுவதைப் பார்த்தே வளர்ந்திருந்தாள்.

“டீச்சர்... அந்த பம்பு இப்ப எங்க இருக்கு?... ஸ்போர்ட்ஸ் ரூம்ல பூட்டி வச்சிருக்கா?... போட்டிக்கப்புறம் யாராச்சும் தொட்டாங்களா?... எனக்கு அது வேணும். நீங்க போயி எடுத்துட்டு வாங்க... ஆளு அனுப்பாதீங்க, நீங்களே போங்க... உங்க மேல சந்தேகம் இல்ல டீச்சர். எல்லார் மேலயும் சந்தேகம்... மணி ரெண்டே முக்கால்தான் ஆகுது, லிஸ்ட் ஓடிடாது. போங்க... வைக்காதீங்க, போனக் கையிலயே வச்சுக்கிட்டுப் போங்க. நான் இருக்கேன்.”

காதில் டீச்சரின் செருப்புச் சத்தம் படியிறங்கியது. டயர்கடைக்காரர் கடை வாசலுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே நடந்தார். பின்பக்கம் திரும்பி, போனைக் கையால் பொத்திக்கொண்டு குரல் கொடுத்தார்.

“ஏய், பாப்பா... அந்த பம்ப தட்டினியாமே, முள்ளு எங்க நின்னுச்சு?... ஏய்... உன்னத்தான். வாயில என்ன கொழுக்கட்டையா?”

டயர் அடுக்கின் மேல் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் வாய் திறக்கவில்லை என்று ஒரு பக்கம் தோன்றியது. இருக்காது என்று இன்னொரு பக்கம் தோன்றியது. முள் மட்டும் சைபரில் படுத்திருந்தால் தன் மகள் திருடி, அதோடு அப்பாவின் கைப்பழக்கத்தையே திருட்டுக்கு நடிப்பாக ஆக்கிக்கொண்ட திருடி. இதை நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. டயர் வெடித்த அன்றுகூட அவர் இப்படிப் பயப்படவில்லை.

“ஆங்... டீச்சர், சொல்லுங்க... மூச்சு வாங்குதே, மொதல்ல உக்காருங்க... பம்பு கையில இருக்கா? கால் பம்பா, கையால அடிக்கறதா?... கால் பம்பு. சரி. ஹோஸு எதுலயாச்சும் மாட்டியிருக்கா?... சும்மாத் தொங்குது. நல்லது. கீழ வைங்க, வெளிச்சமா இருக்கற எடத்துல... இப்ப நீங்களே அந்தக் கேஜுக் கண்ணாடிய விரலால ரெண்டு தட்டு தட்டுங்க... ஒடையாது. தட்டுங்க... தட்டியாச்சா?... இப்ப முள்ளு எங்க நிக்குது?... இருங்க, அவசரப்படாதீங்க. கண்ணாடி போட்டிருக்கீங்களா?... போட்டுக்கங்க. சாஞ்சு பாக்காதீங்க, நேரா மேலேர்ந்து பாருங்க... நான் சொல்ல மாட்டேன். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க பாத்து நீங்களே சொல்லுங்க...”

வேன்காரர் வாளியிலிருந்து எழுந்துவிட்டார். அவருடைய வேன் நாளைக்கு ஓடினாலும் சரி, இப்போது அந்த முள்ளுக்கு விடை தெரிய வேண்டும்.

“எவ்ளோ?... இன்னொரு தரம் சொல்லுங்க... பத்தா?... பத்துலயா நிக்குது?”

வேன்காரர் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டிக்கொண்டார்.

“டீச்சர், நல்லாக் கவனிங்க. உள்ள ஒரு பொட்டுக் காத்து இல்ல. ஹோஸு சும்மாத் தொங்குது. அப்பவே அது பத்து காட்டுது. அப்ப அது நாப்பது காட்டினா உள்ள நெஜமா எவ்ளோ இருக்கும்?... நீங்க சயின்ஸு, நான் பஞ்சரு. நான் சொல்லணுமா?... ஆங். முப்பது. அம்பது காட்டினா?... கொஞ்சம் சத்தமா சொல்லுங்க டீச்சர்... நாப்பது! நீங்க கேட்ட நாப்பது. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. உங்க மைதானத்துல இன்னைக்கு விதிப்படி நாப்பது அடிச்சது ஒருத்திதான். மத்தது அத்தனையும் முப்பதுல போயிருக்கு. அதான் ரெண்டாவது மாடி ஜன்னல எட்டிப் பாத்துட்டு எறங்கிடுச்சு.”

கடைக்கு வெளியே போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் ஏறியிருந்தது.

“என்ன?... பெத்த பொண்ணு, அதனால பேசறேன்னா?... சந்தேகப்படுங்க. நல்லா சந்தேகப்படுங்க, நான் வேணாம்னு சொல்லல. அந்த பம்ப இங்க எடுத்துட்டு வாங்க, என் கேஜோட வச்சுப் பாக்கலாம்... இல்ல, என் கேஜையும் நம்பாதீங்க. பெட்ரோல் பங்குக்கு எதுத்தாப்ல இன்னொரு டயர்கடை இருக்கு. எனக்கும் அவனுக்கும் ஆறு வருஷமாப் பேச்சு கெடையாது. அங்க போங்க. நான் நல்லா இருக்கணும்னு அவன் கனவுலகூட நெனைக்க மாட்டான். அவன் சொல்லட்டும், முள்ளு சரியா தப்பான்னு... வேணாமா?... நம்பறீங்களா?... நெஜமா நம்பறீங்களா, இல்ல பேச்ச முடிக்கறதுக்கு சொல்றீங்களா?”

டீச்சர் அந்தப் பக்கம் நெடுநேரம் பேசினார். டயர்கடைக்காரர் ‘ம்’ கொட்டினார்.

“ம்... ம்... அந்தக் கடுதாசி?... கிழிங்க. போன்ல எனக்குச் சத்தம் கேக்கணும்... கேட்டுச்சு. சரி... லிஸ்ட்டு?... அவ பேர எழுதிட்டீங்களா? படிங்க... இனிஷியல் விட்டுட்டீங்க... ஆங், இப்ப சரி. எதிர்ல அந்த வார்த்த இல்லயே?... சந்தோஷம். திங்கக்கிழமை எல்லாரையும் நெஜமான நாப்பதுல இன்னொரு தரம் விடப்போறீங்களா? விடுங்க. அதான் மொற. மத்த புள்ளைங்களும் பாவம்தான, முப்பதுல மாட்டிக்கிட்டுதுங்க... அது சரி டீச்சர், மைக்குல சொன்னீங்களாமே? அத்தன பேர் முன்னாடி, வெளிய போய் நில்லுன்னு?... இப்ப நீங்கதான சொன்னீங்க. அதையும் மைக்குலயே திருப்பிச் சொல்லிடுங்க. போன்ல என்கிட்ட சொன்னா அது எனக்குத்தான் கேக்கும்.”

இப்போது அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் மிகவும் சௌகரியமாக இருந்தது. அது முழுக்க முழுக்க இன்னொருத்தர் மேல் இருந்தது.

“ஏன் டீச்சர், ஒண்ணு கேக்கறேன். அந்தப் புள்ள உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலயா?... சொன்னாளா? என்னன்னு?... ‘முள்ளு தப்பா நிக்குது’ன்னு சொல்லியிருக்கா! நீங்க என்ன சொன்னீங்க?... சாக்கு சொல்லாதன்னு... டயர்கடை வீட்டுப் பொண்ணு, காத்த அளவுக்கு மேல அடிக்க உனக்கா தெரியாதுன்னு... அப்படியா சொன்னீங்க? நல்லா இருக்கு டீச்சர், ரொம்ப நல்லா இருக்கு. ஒரு புள்ள வாயத் தொறந்து உண்மையச் சொல்லுது. அது என்ன சொல்லுதுன்னு கேக்காம, அது யார் வீட்டுப் புள்ளன்னு பாத்தா, அதுக்கு எப்படி இருந்திருக்கும்? அது மனசு என்ன பாடு பட்டிருக்கும்? பெரியவங்க நாமளே...”

வேன்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ‘நாமளே’ என்ற சொல் வந்ததும் ஆட்டுவதை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

“என்ன டீச்சர்?... அப்புறம்?... அப்புறம் என்ன சொன்னா?... யாருக்குப் போன் போடச் சொன்னா?... அவளேவா?”

குரல் பாதியாக இறங்கியது.

“நீங்களா கூப்பிடலயா?... ம்... ம்... மத்த புள்ளைங்க எல்லாம் வீட்டுக்குச் சொல்லாதீங்கன்னு அழும். ஆமா... இவ எங்க அப்பாவக் கூப்பிடுங்கன்னா... எங்க அப்பாகிட்ட கேளுங்க, மொதக் கேள்வியே முள்ளு எங்க நின்னுச்சுன்னுதான் கேப்பாருன்னா... சொன்னாளா... அதுக்காகத்தான் கூப்பிட்டீங்களா... ம்.”

மற்றவர்கள் முன்னால் அழாமல், நடு மைதானத்தில் நின்று, அவள் ஒரே ஒரு சாட்சியைக் கூப்பிட்டிருக்கிறாள். பிறகு இங்கே வந்து, டயர் மேல் ஏறி உட்கார்ந்து, அந்தப் போன் வருமா என்று காத்திருந்திருக்கிறாள். போன் வந்தது. சாட்சி பேசியது. சாட்சியின் முதல் கேள்வி முள்ளைப் பற்றியது அல்ல. டிராயரில் வால்வு காணோம், கம்ப்ரஸர் சூடு, செஞ்சிருப்பா, செய்யக்கூடியவதான். தன் குரல் தனக்கே திரும்பக் கேட்டபோது டயர்கடைக்காரருக்கு உடம்பு கூசியது. பின்பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

“இருக்கேன் டீச்சர்... லைன்லதான் இருக்கேன்... இல்ல, இல்ல, எனக்கு ஒரு வேலையும் இல்ல. நீங்க பேசுங்க... மணி என்ன ஆனா என்ன, இன்னும் நேரம் இருக்கே... அந்த ராக்கெட்டு எப்படிப் போச்சுன்னு இன்னொரு தரம் சொல்லுங்களேன். மேல போறப்ப சுத்திக்கிட்டுப் போச்சா, நேராப் போச்சா?... நேராவா... எல்லாரும் கை தட்டினாங்களா?... மொதல்ல தட்டினாங்களா... அப்ப அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு, பாத்தீங்களா?... இருங்க டீச்சர். ஒரு நிமிஷம் இருங்க. டீச்சர்...”

டீச்சருக்குப் பட்டியல் அனுப்புகிற அவசரம். வைத்துவிட்டார்.

பின்னால் டயர் அடுக்கு லேசாக ஆடியது. மகள் இறங்கி வந்து அவருக்கு எதிரே நின்றாள். கண் சிவந்திருந்தது, கன்னத்தில் ஈரம் இல்லை. அந்தப் பழைய போனில் யார் பேசினாலும் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கொசகொசவென்று கேட்கும். இப்போது எந்தச் சத்தமும் வரவில்லை. அது அவளுக்கும் தெரிந்தது, வேன்காரருக்கும் தெரிந்தது. டயர்கடைக்காரர் மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல், அவள் தலைக்கு மேலே சுவரில் தொங்கிய டயர் ட்யூபைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“ஆமா டீச்சர்... ஆமா... நீங்க சொல்றது சரிதான். நீங்க வெளி ஆளு. நீங்க சந்தேகப்பட்டீங்க, அப்புறம் பாத்தீங்க, மாத்திட்டீங்க. நான் அப்பன் இல்லையா... ஆமா... ரோட்ல போற எவன் வண்டியா இருந்தாலும் கேஜ ரெண்டு தட்டு தட்டாம நான் நம்பினதில்ல டீச்சர். எம் பொண்ண ஒரு வார்த்த கேக்கல. பத்தடி தூரத்துலதான் இருந்தா. திரும்பி, என்ன கண்ணு நடந்துச்சுன்னு ஒரே ஒரு வார்த்த... கேக்கல... அவ காதுல விழற மாதிரியே சொல்லிட்டேன்... ஆமா... எம்மேலதான் தப்பு. அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல...”

மகள் மெதுவாகக் கையை நீட்டினாள். அந்தக் கை போனுக்காக நீண்டதா, வேறு எதற்காகவாவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அரை அடி பின்னால் நகர்ந்து, போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார்.

“இல்ல டீச்சர், வச்சிடாதீங்க... நான் இன்னும் சொல்லி முடிக்கல.”